ஞானஸ்நானம் முடிந்த மறுவாரம்: தமிழ்நாடு-கேரள எல்லைப்பக்கத்தில் புதிதாகக் கத்தோலிக்கராகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பூசைக்குப் போகத் தொடங்கி மூன்றாவது ஞாயிறு. நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். கோயிலில் பிரசாதம் கொடுத்தால் கை நீட்டி வாங்குவதுதானே பிறந்த வீட்டுப் பழக்கம். எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்தான். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு கிழவி. "மக்களே, வா, இங்க இரி. இது உனக்கு இப்பம் இல்ல. ஒரு நாள் வரும்" என்று காதோடு சொல்லித் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பாட்டுப் புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மச்சிதான் இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஞானத்தாயானாள், அதாவது ஞானஸ்நானத்தில் கூட நின்று துணையாகப் பொறுப்பேற்றவள். அப்போது எனக்கு 31 வயது. மார்த்தாண்டம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். அதன்பிறகு நானும் நான்கு பெண்களுக்கு ஞானத்தாயாக நின்றிருக்கிறேன். நான்கு பேரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: "அக்கா, ஞானஸ்நானத்துக்கு முந்தி எல்லாரும் கூப்பிட்டாங்க, முடிஞ்ச மறுவாரத்திலேர்ந்து ஒருத்தரும் கூப்பிடல்ல." இந்த வழிகாட்டி அந்த மறுவாரத்துக்காக எழுதியது. ஆனால் அதற்கான ஏற்பாட்டை வெகு முன்பே தொடங்க வேண்டியிருப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

1. எந்தக் கோயில் என்று முடிவு செய்யுங்கள்

மதுரைக்காரருக்கு இந்தக் கேள்வி அநேகமாக வராது. நமக்கு வரும். மார்த்தாண்டத்தைச் சுற்றி மூன்று வகைக் கத்தோலிக்கக் கோயில்கள் உண்டு. இலத்தீன் முறையில் 1930-இல் அமைந்த கோட்டாறு மறைமாவட்டமும் (ஒரு பிஷப்பின் கீழுள்ள பகுதி) அதிலிருந்து 2014-இல் பிரிந்த குழித்துறை மறைமாவட்டமும் இருக்கின்றன. சீரோ மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம், சீரோ மலபார் முறைக்குத் தக்கலை, இரண்டும் 1996-இல் வந்தவை. பாறசாலை தாண்டினால் அதே 1996-இல் உருவான நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டம். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு 2013-இல் அமைந்த சுல்தான்பேட்டை.

மூன்றும் ஒரே திருத்தந்தையின் கீழ் இருக்கும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபைதான். ஒன்றில் நற்கருணை வாங்குகிறவர் மற்ற இரண்டிலும் வாங்கலாம். எங்கே பூசை கண்டாலும் ஞாயிற்றுக் கடன் தீர்ந்தது. வித்தியாசம் வழிபாட்டிலும் நாள்காட்டியிலும். பக்கத்து வீட்டு மலங்கரைக்காரர் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தைத் திங்கட்கிழமையே தொடங்கிவிடுவார், இலத்தீன்காரர் புதன்கிழமை தொடங்குவார். என் முதல் வருஷம் இது தெரியாமல், திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்கு மீன்குழம்பு கொடுத்துவிட்டு அசடு வழிந்தேன்.

ஞானஸ்நானம் பெறாத, 14 வயது முடிந்த ஒருவர் எந்த முறைச் சபையில் சேர்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம், திருச்சபைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் சேர்ந்த பிறகு நினைத்தபடி மாற முடியாது. அதனால் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் நான்கு ஞாயிறு உட்கார்ந்து பாருங்கள். பிறகு இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடையை அடைத்துவிட்டு, அந்தோனியார் நவநாள் ஜெபத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரமா இது? பெரிய கோபுரமும் நல்ல பாடகர் குழுவும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. துணை என்பது வார நாளில் வளர்கிற பயிர்.

சொற்கள் உங்களைக் குழப்பும், அதற்கும் தயாராக இருங்கள். ஃபாதர் 'திருமுழுக்கு' என்பார், அம்மச்சி 'ஞானஸ்நானம்' என்பாள். திருப்பலியும் பூசையும் குர்பானையும் ஒன்றேதான். ஒப்புரவு அருளடையாளமும் பாவசங்கீர்த்தனமும் ஒன்று, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. சூசையப்பர்தான் யோசேப்பு, பழைய புத்தகத்துச் சின்னப்பர்தான் பவுல். ஆனால் ஒரு சொல் எனக்குப் பிறந்த வீட்டிலிருந்தே தெரியும். தினமும் காலையில் அப்பா நெற்றியில் பூசிவிட்ட திருநீறு, தமிழ் இலத்தீன் கோயிலில் 'திருநீற்றுப் புதன்' என்று வந்து நின்றது. குருத்து ஞாயிற்றில் மந்திரித்த ஓலையை எரித்த சாம்பலை ஃபாதர் நெற்றியில் இட்டபோது என்னை அறியாமல் கண்ணை மூடித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினேன், சின்ன வயதில் செய்த மாதிரியே.

2. பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு போகாதீர்கள். அந்த நேரத்தில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்கிறவர், சான்றிதழ் கேட்கிறவர், மைக் செட்காரர் எல்லாரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். வார நாள் மாலைப் பூசை முடிந்து போங்கள். "ஃபாதர், நான் கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன், அவசரம் இல்லை" என்று சொன்னால் போதும். காணிக்கை எதுவும் கொண்டுபோக வேண்டாம். யாராவது கட்டணம் என்று கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். கல்யாணத்துக்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் குறைச்சல் இல்லை, மறைத்தால்தான் பின்னால் சங்கடம்.

வயதுவந்தவர்களைச் சேர்க்கும் சடங்கு முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972-இல், திருச்சபை பழைய வழக்கப்படி மீட்டெடுத்தது. படிப்படியாகப் போகும். முதலில் கேள்வி கேட்கும் காலம். பிறகு ஒரு சின்னச் சடங்கோடு உங்களைப் புகுநிலையினராக, அதாவது திருமுழுக்குக்குத் தயாராகிறவராக, ஏற்றுக்கொள்வார்கள். அன்றிலிருந்தே நீங்கள் திருச்சபையோடு சேர்ந்தவர்தான். ஞானஸ்நானத்துக்கு முன் இறந்துபோனால்கூடக் கிறிஸ்தவ அடக்கம் உண்டு. அடுத்து மறைக்கல்வி. பெரும்பாலும் ஒரு சிஸ்டரோ உபதேசியாரோ சொல்லித்தருவார். தவக்காலத்தின் முதல் ஞாயிறு உங்களைத் தேர்ந்துகொண்டு பெயரைப் பதியும் சடங்கு. மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் உங்களுக்கென்று தனி மன்றாட்டு. அந்த மூன்று வாரத்துக்கும் வைத்திருக்கும் நற்செய்திகள் கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவிக் குருடன், கல்லறையிலிருந்து எழுந்த இலாசர். பிறகு பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் (தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துவது), நற்கருணை மூன்றும் ஒன்றாக.

எல்லாப் பங்கிலும் இது புத்தகத்தில் உள்ளபடி நடக்காது. எனக்கு வகுப்பு என்று இருந்தது, சிஸ்டர் மடத்து வராந்தாவில் ஒரு பெஞ்சு, நான் ஒருத்தி. பரவாயில்லை. ஆனால் யாராவது "அடுத்த வாரமே கொடுத்துவிடலாம்" என்றால் நீங்களே அவகாசம் கேளுங்கள். 14 வயதுக்கு மேற்பட்டவரின் திருமுழுக்கை ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆக இது காதும் காதும் வைத்தாற்போல முடிக்கிற காரியம் இல்லை.

நம் மாவட்டத்தில் சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையிலிருந்தும் வருகிறார்கள். தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவருக்குத் திருச்சபை மறுபடி கொடுக்காது. விசுவாச அறிக்கை செய்து, பாவசங்கீர்த்தனம் செய்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுவார்கள். 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுத்ததா, ஞானஸ்நானமே இல்லாத சபையா என்றால் ஃபாதர் விசாரிப்பார். பழைய சான்றிதழ் இருந்தால் தேடி எடுத்துவையுங்கள். பைபிளையும் தூக்கிப்போட வேண்டாம். கர்த்தர் என்றிருந்தது ஆண்டவர் ஆகும், 66 புத்தகம் 73 ஆகும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ஞானத்தாயை, ஞானத்தகப்பனை நீங்களே தேடுங்கள்

எனக்குத் தெரிந்து ஆள்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஞானப்பெற்றோரைக் கடைசி வாரத்தில் பங்குப் பேரவைத் தலைவரோ, வசதியான வீட்டு அம்மாவோ என்று யாரையாவது நிறுத்துகிறார்கள். அவர்கள் வந்து நின்று, சேலை எடுத்துக் கொடுத்து, போட்டோ எடுத்துப் போய்விடுகிறார்கள்.

சட்டப்படி என்ன வேண்டும்? 16 வயது முடிந்த, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற, கத்தோலிக்க வாழ்வு வாழ்கிற ஒருவர். பெற்ற தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. நான் கேட்பது இன்னும் மூன்று: உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறாரா? உங்களைப் பேசவிட்டுக் கேட்கிறாரா? அவருக்கு நஷ்டம் வந்த காலத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று ஊரில் யாருக்காவது தெரியுமா?

மூன்றாவது கேள்வியை நான் நட்டாலத்திலிருந்து எடுத்தேன். தேவசகாயம் பிள்ளையின் கதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், ஆனால் அது ஒரு துணையின் கதை என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர், மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. ஆடுமாடு செத்து, சொத்து கரைந்து மனம் உடைந்திருந்தபோது அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் தெ லன்னாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிக்காரர். சாமியார் இல்லை, உபதேசியார் இல்லை, ஒரு படைவீரர். எல்லாம் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். தானும் தோற்றுச் சிறைப்பட்டவர் என்பதால் அந்தக் கதையைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. பிள்ளை ஞானஸ்நானம் கேட்டபோது தெ லன்னாய் தானே எதுவும் செய்யவில்லை. வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அனுப்பிவைத்தார். 1745 மே 14-இல் அங்கே ஞானஸ்நானம். இலாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். ஏழு வருஷம் தாண்டவில்லை, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். புனிதராக அறிவிக்கப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர், அவர்தான்.

கூட நடந்தவர் ஒருவர், ஞானஸ்நானம் கொடுத்தவர் வேறொருவர். நீங்களும் இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்காதீர்கள். ஃபாதருக்குச் சில வருஷத்தில் மாறுதல் வரும். அம்மச்சிக்கு மாறுதல் வராது.

4. வீட்டைக் கைவிடாதீர்கள்

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சூடு இருக்கும். படங்களைக் கழற்று, விளக்கை எடு, தம்பி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று. அதைச் செய்து வீட்டோடு பேச்சற்றுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்களுக்குத் துணை என்று கோயிலில் நான்கு பேர்தான் மிச்சம், அந்த நான்கு பேரோடும் ஒரு நாள் மனஸ்தாபம் வரும்.

மற்ற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருப்பது எதையும் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை என்று 1965-இலேயே வத்திக்கான் சங்கம் எழுதிவைத்திருக்கிறது. நீங்கள் வழிபடுவது வேறு, உடனிருப்பது வேறு. அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் டிவியைக் குறைத்துவிட்டு எழுந்து நிற்பதில் உங்கள் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது. பூசையை நடத்தும் கையாகவோ, நேர்ச்சை செய்கிறவராகவோ இருக்க முடியாது, அதை அமைதியாகச் சொல்லிவிடலாம். பிரசாதம் பற்றிப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 8, 10 அதிகாரங்களில் நிதானமாகப் பேசுகிறார், வாசித்துவிட்டு ஃபாதரிடம் கேளுங்கள். அப்பா அம்மாவின் இறுதிச் சடங்கில் உங்கள் பங்கு என்ன என்பதை மட்டும் அவர்கள் நன்றாக இருக்கும்போதே கேட்டுத் தெளிந்துவையுங்கள். கொள்ளிக்குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாதருக்குப் போன் போடும் நிலை வரக் கூடாது.

கல்யாணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் சேரவில்லை, நீங்கள் மட்டும் சேர்கிறீர்கள் என்றால் உங்கள் திருமணம் செல்லாமல் போவதில்லை. அது திருமணமாகவே நிற்கும். பின்னால் அவரும் ஞானஸ்நானம் பெற்றால் அன்றே அது அருளடையாளமாகும்.

எனக்கு ஞானஸ்நானம் நடந்த இரவு என் அம்மா கோயிலுக்கு வரவில்லை. வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள், ஒன்றரை மணி வரைக்கும். திரும்பி வரும்போது கேட்ட ஒரே கேள்வி, "தலை துவட்டினியா?"

5. காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஆனால் ஞானஸ்நானத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. பட்டியல் சாதியினர் பற்றிய 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போகும். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள், கேரளத்தில் விதிமுறை வேறு. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் இதில் அடங்கியிருப்பதால் தாலுகா அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பெற்றோர் சொத்தில் உங்கள் பங்கு மதம் மாறியதால் போகாது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நீங்கள் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. வக்கீலிடம் ஒரு நடை போய் வாருங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் பெயரை ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். என்னுடையதில் அப்பா பெயரில் ஒரு கால் விட்டுப்போய், அதைத் திருத்த ஒரு வருஷம் நடந்தேன்.

6. மறுவாரம்

பாஸ்கா முடிந்தது. மெழுகுவர்த்தி அலமாரியில் இருக்கிறது. வகுப்பு நின்றுவிட்டது. பெந்தெகோஸ்து திருநாள் வரை 50 நாளும் புதியவர்களோடு கூடவே இருந்து, பெற்ற அருளடையாளங்களை அசைபோடச் செய்ய வேண்டும் என்று சடங்குப் புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் மே மாதம் சிஸ்டர்கள் ஊருக்குப் போவார்கள், ஃபாதர் திருவிழாக்களில் இருப்பார். என் முதல் பங்கில் அந்த 50 நாளில் என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். ஒருவர் மாதச் சந்தா கேட்டார். இன்னொருவர் "நீங்க பழைய கிறிஸ்தவங்களா, புதுசா?" என்று கேட்டு, பதில் வருமுன்பே சாதியையும் கேட்டார். மூன்றாவது அம்மச்சி.

சாதியைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. தேவசகாயம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடித்தார்கள். இன்றும் சில இடங்களில் சுவர் இல்லாமலே அது நிற்கும். கேட்டால் கோபித்துக்கொண்டு விலகிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போங்கள். பெஞ்சுகள் நிறைய இருக்கின்றன.

எந்தப் பெஞ்சு என்றால், என் அனுபவத்தில் வரிசை இப்படி:

அன்பியம் முதலில். உங்கள் தெருவைச் சேர்ந்த இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிப்பது. பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை போடும்போதே உங்கள் அன்பியம் எது என்று கேளுங்கள். முதல் மூன்று கூட்டத்தில் பேசவே வேண்டாம், பாய் விரிக்கவும் கட்டன்சாயா கொடுக்கவும் உதவுங்கள். நான்காவது கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கக் கேளுங்கள். தயங்குவீர்கள், தெரியும். ஆனால் ஒரு தடவை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னவர்கள் பிறகு தெருவில் பார்த்தால் முகம் திருப்ப மாட்டார்கள்.

மரியாயின் சேனை இரண்டாவது. 1921-இல் டப்ளின் நகரில் தொடங்கியது, இன்று நம் கிராமத்துப் பங்குகளிலும் உண்டு. வாராவாரம் கட்டாயக் கூட்டம், வாராவாரம் ஒரு வேலை. படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குப் போவது என்று எப்போதும் இரண்டு இரண்டு பேராக அனுப்புவார்கள். அந்த இரண்டு பேர் என்ற விதிதான் எனக்குப் பிடித்தது. பேச்சு வராதவர்களுக்குக்கூடப் போகிற வழியில் பேச்சு வந்துவிடும். வின்சென்ட் தே பவுல் சபையும் இதேபோல.

மூன்றாவது, துக்க வீடு. இது யாரும் பட்டியலில் சொல்ல மாட்டார்கள். பங்கில் சாவு மணி அடித்தால் போங்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபமாலைக்குப் பதில் சொல்லுங்கள். புதிதாக வந்தவள் என்ற வார்த்தை என்னைவிட்டுப் போனது அப்படி ஒரு வீட்டில்தான். விடிகாலை மூன்று மணி, பதில் சொல்ல ஆளில்லாமல் எல்லாரும் அசந்துபோயிருந்தார்கள், அம்மச்சியும் நானும் மட்டும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். காலையில் அந்த வீட்டுப் பெரிய மருமகள் வந்து, "வல்லதும் தின்னியா பிள்ளே?" என்றாள்.

7. ஒரு ஆள், ஒரு நேரம்

கூட்டங்கள் வேண்டும். ஆனால் விசுவாசம் வளர்வது ஒரு ஆளோடு, வாரத்தில் ஒரு குறித்த நேரத்தில். எனக்கு வியாழக்கிழமை, கடை அடைத்த பிறகு ஏழு மணி. அம்மச்சி வீட்டு அடுக்களைத் திண்ணை. வரும் ஞாயிற்றின் வாசகங்களை நான் வாசிப்பேன். இரண்டு தடவை. அவள் கேட்பாள். பிறகு ஒரு கேள்விதான்: இந்த வாரம் இதில் எது உனக்குக் குத்தினது? அரைமணி நேரம். அதற்குமேல் ஊர்வம்பு, அதற்கும் தடை இல்லை.

தனியாகச் செய்ய வேண்டியதைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஒரே மாதத்தில் ஐந்து நவநாள், 153 மணி ஜெபமாலை, நள்ளிரவு ஆராதனை என்று தூக்கிச் சுமந்து, ஆடி மாதத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். காலையில் விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே. பஸ்ஸில் ஜெபமாலையில் ஒரு பத்து மணி மட்டும். இரவில் படுக்குமுன் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் சொல்லிவைத்த மாதிரி அன்றைய நாளைப் பின்னோக்கிப் பார்ப்பது: எதற்கு நன்றி, எங்கே தவறினேன், நாளைக்கு என்ன வேண்டும். பத்து நிமிஷம். இதை ஆறு மாதம் விடாமல் செய்தவருக்குப் பிறகு என்ன சேர்க்கலாம் என்று தானே தெரியும்.

8. பாவசங்கீர்த்தனம் வேறு, ஆன்ம வழிகாட்டி வேறு

ஞானஸ்நானம் முந்தைய பாவம் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறது. ஆகவே முதல் பாவசங்கீர்த்தனம் அதற்குப் பின்னால் நடந்தவற்றுக்கு மட்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது என்பது கட்டளை, மாதம் ஒரு முறை என்பது என் ஆலோசனை. முறை மறந்துபோனால் "ஃபாதர், எனக்கு முறை தெரியாது, புதுசு" என்று சொல்லுங்கள், அவரே நடத்துவார். அங்கே சொன்னதை எந்த நிலையிலும் அவர் வெளியே சொல்ல முடியாது.

ஆன்ம வழிகாட்டி என்பவர் பாவத்தை மட்டும் கேட்பவர் இல்லை, ஜெபம் எப்படிப் போகிறது, மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கூட இருந்து கவனிப்பவர். குருவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அனுபவமுள்ள ஒரு சிஸ்டரோ பொதுநிலையினரோ போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் பேசினால் நிறைய.

யாரிடமிருந்து விலக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். உங்களைப் பற்றித் தனக்குத் தரிசனம் வந்தது என்பவர். மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்பவர். பணம் கேட்பவர். வீட்டாரோடு பேசாதே என்பவர். நாம் பேசுவதை யாரிடமும் சொல்லாதே என்பவர். இதில் ஒன்று போதும், அடுத்த சந்திப்பு வேண்டாம். அவர் அங்கி போட்டிருந்தாலும் சரி.

9. சேர்ந்து போகும் பயணங்கள்

வருஷத்தில் ஒரு தடவையாவது துணையோடு ஒரு பயணம் போங்கள். காற்றாடிமலையிலிருந்து தொடங்கி, தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கும் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு வந்து முடிப்பது ஒரே பகலில் முடிகிற காரியம். டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சவேரியார் திருவிழாவில் போனால் கூட்டத்தில் ஜெபிக்க முடியாது. வேறொரு வார நாள் போங்கள். தவக்காலத்தில் வெள்ளறடை குருசுமலை. பத்துக்காணி பக்கமிருந்து தமிழும் அந்தப் பக்கமிருந்து மலையாளமுமாக ஆள்கள் ஏறுவார்கள். விடியுமுன் ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று, செருப்பு இல்லாமல் ஏறுவதாக நேர்ந்திருந்தால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். பாறை சுடும்.

சாலக்குடிக்குப் பக்கத்தில் முரிங்ஙூர் தியான மையத்துக்கும் போய் வரலாம், ஒரு வாரத் தியானம், தமிழிலும் உண்டு. அழுகையும் பாட்டுமாக மனம் நிறைந்து திரும்புவீர்கள். அடுத்த திங்கட்கிழமை கடையில் ஒரு ஜாக்கெட் அளவு தப்பி, வாடிக்கைக்காரி சத்தம் போடும்போது அது எங்கே போனது என்று தெரியாது. அதனால் தனியாகப் போகாதீர்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பேச, கூட வந்தவர் ஒருவர் வேண்டும்.

10. ஒன்றுமே தோன்றாத மாதங்கள்

வரும். எனக்கு மூன்றாம் வருஷம் வந்தது. ஜெபமாலை வாயில் ஓடும், மனம் கடைக் கணக்கில் இருக்கும். தப்பு செய்துவிட்டேனோ, வீட்டு விளக்கையே கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. அம்மச்சியிடம் சொன்னேன். அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "கஞ்சி எல்லா நாளும் ருசிக்குமா? குடிச்சிட்டு வேலைக்குப் போ" என்றாள். அந்த வாரமும் வியாழக்கிழமை வரச் சொன்னாள், அடுத்த வாரமும்.

அந்தக் காலத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், இருப்பதையும் குறைக்காதீர்கள். நேரத்தை மாற்றாதீர்கள். ஆனால் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் காரணமில்லாமல் அழுகை வந்தால் அது ஆன்ம வறட்சி என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், ஃபாதரிடமும் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

அம்மச்சிக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. காதில் குறை இல்லை. போன வியாழக்கிழமை இரண்டாம் வாசகத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். "நடுவில ஒண்ணு போச்சு மக்களே, திரும்ப வாசி."